கூடத்துக்குள் ஒரு பி.டி. பீரியட்: யாரும் ‘அவுட்’ ஆகாத ஆட்டங்கள்

கூடத்தில் 2 அடித் தரைக்கல் ஆறு காலியாக இருந்தால் ஒரு பிள்ளையின் பி.டி. பீரியடுக்கு அது போதும். நீளத்துக்கு மூன்று கல், அகலத்துக்கு இரண்டு. டீப்பாயைச் சுவரோரம் தள்ளி, பாயைச் சுருட்டி வைத்தால் பெரும்பாலான வீடுகளில் இந்த இடம் கிடைத்துவிடும். ஆன்லைன் பி.டி. வகுப்பு படுத்துவிடுவதற்கு மைதானம் இல்லாதது காரணமில்லை. எந்த ஆட்டத்தை எடுக்கிறோம் என்பதில்தான் பிழை இருக்கிறது.

வழக்கமாக என்ன நடக்கிறது? திரையில் சார் நின்று ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ சொல்லிக் கையைத் தூக்குவார். முதல் இரண்டு நிமிடம் எல்லாரும் செய்வார்கள். மூன்றாவது நிமிடம் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்துவிடுவார்கள். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மைதானத்தில் பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்து ஓடுகிறோம். தொட்டுவிடுவானோ என்று ஓடுகிறோம். அந்தத் தூண்டுதலைக் கழித்துவிட்டு வெறும் உடற்பயிற்சியை மட்டும் திரைவழியே அனுப்பினால் எந்தப் பிள்ளையும் அதிக நேரம் தாங்காது.

சரி, விளையாட்டாகவே வைப்போம் என்று ‘ஸ்டாச்சு’ மாதிரி ஆட்டங்களை எடுத்தால் அதிலும் சிக்கல். சார் ‘ஸ்டாச்சு’ என்று சொல்வது ஒரு வீட்டுக்கு அரை நொடியில் போகும், இன்னொரு வீட்டுக்கு இரண்டு நொடி கழித்துப் போகும். சிக்னல் நன்றாக இருக்கிறவன் ஜெயிப்பான். பிள்ளைகள் இந்த அநியாயத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட மோசம், ‘அவுட்’ ஆன பிள்ளை உட்கார்ந்துவிடுவது. முதலில் அவுட் ஆவது பெரும்பாலும் ஓட்டம் குறைந்த பிள்ளைதான். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் மீதிப் பீரியடு முழுக்கச் சும்மா இருக்கும்.

அதனால் வீட்டு ஆட்டத்துக்கு மூன்று நிபந்தனை வைத்துக்கொள்ளலாம். யாரும் வெளியேறக் கூடாது. ஆசிரியரின் குரலுக்குக் காத்திராமல் ஆட்டம் தானே ஓட வேண்டும். போட்டி, பிள்ளையின் நேற்றைய கணக்கோடு இருக்க வேண்டும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு வேண்டாம்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் வியர்க்க இயங்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது அதில் கடுமையான இயக்கமும் எலும்பையும் தசையையும் வலுவாக்குகிற இயக்கமும் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அதே 2020-ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) வெளியிட்ட ‘பிரக்யாதா’ நெறிமுறை, நேரலை வகுப்புக்கு வரம்பு வைத்தது: 1 முதல் 8 வகுப்புக்கு நாளுக்கு 30–45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வு, 9 முதல் 12-க்கு நான்கு. இதில் உடற்கல்விக்கு என்ன மிஞ்சும்? வாரத்துக்கு இரண்டு அரைமணி நேரம் கிடைத்தால் பெரிது. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அவ்வளவு நீண்ட காலத்தை அந்த அரைமணி நேரத்தால் நிரப்பியிருக்க முடியாது. இன்றைக்கும் மழை விடுமுறையில் ஆன்லைன் வகுப்பு வைக்கும் பள்ளிகளில் இதே கணக்குதான். ஆகவே ஒரு பீரியடில் ஒரே ஒரு புது ஆட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை அதைத் திரையை அணைத்த பிறகு சாயங்காலம் வரை ஆடட்டும்.

முதலில் மின்விசிறி

ஆட்டத்துக்கு முன் இரண்டு நிமிடம் இடத்தைப் பார்க்க வேண்டும். மேலே பார்ப்பது முதல் வேலை. கட்டில் மேலோ ஸ்டூல் மேலோ நின்று கையைத் தூக்கினால் விசிறி இறக்கையில் கை போய்விடும். ‘தரையில் மட்டும்தான், எதன் மேலும் ஏறக் கூடாது’ என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியே தீர வேண்டும். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, நின்ற இடத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். கை எதிலும் படவில்லை என்றால் இடம் சரி. இதை ‘சக்கரம் சுற்று’ என்று பெயர் வைத்துத் தினமும் செய்தால் சின்னப் பிள்ளைகளே நாற்காலியைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது தரை. வழவழப்பான டைல்ஸில் சாக்ஸ் போட்டு ஆடக் கூடாது, வெறுங்கால்தான். வீடு துடைத்த ஈரம் காயாமல் ஆரம்பிக்க வேண்டாம். கால்மிதியைத் தாண்டச் சொல்லவே வேண்டாம். காலோடு அதுவும் வழுக்கிக்கொண்டு போகும். மொட்டை மாடி இருந்தால் நல்லதுதான், ஆனால் காலை 8 மணிக்கு முன் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு, கூட ஒரு பெரியவர் இருக்கும்போது மட்டும். மாடியில் பலரும் கவனிக்காத ஒன்று துணி காயப்போடும் கம்பி. அது பெரியவர்களுக்குத் தலைக்கு மேலே இருக்கும். தொய்ந்த கம்பியோ, ஓடுகிற பிள்ளையின் கழுத்துக்கு நேராக வரும். ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டால் கண்ணில் படும்.

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பி.டி. பீரியட் போடும் அட்டவணைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆக வேண்டும். காலை முதல் பீரியட்தான் இதற்கு ஏற்றது. அதன் பிறகு கணக்குப் பாடத்துக்கு உட்காரும்போது பிள்ளைக்குத் தூக்கமும் வராது.

தாயக்கட்டை

என் கணக்கில் வீட்டு பி.டி.க்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் 1, 2, 3, 4, 5, 6, இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பயிற்சி.

எந்த எண்ணுக்கு எந்தப் பயிற்சி என்பதில்தான் சூட்சுமம். நான்கு முகமும் நான்கு முகமும் சேர்ந்தால் 16 வகையில் விழலாம். அதில் 3 மட்டும் நான்கு வகையில் வரும்: 0-3, 3-0, 1-2, 2-1. இரண்டும் நாலும் மூன்று மூன்று வகை. தாயமும் (அதாவது 1) ஐந்தும் இரண்டிரண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொன்றுதான். ஆகவே எந்தப் பயிற்சி அதிகம் நடக்க வேண்டுமோ அதை மூன்றில் வையுங்கள். கடினமானதை ஆறில் வையுங்கள். 6, 7, 8 வகுப்புக்குச் சரியாக வரும் ஓர் அடுக்கு இது:

3 விழுந்தால் நின்ற இடத்தில் முட்டியை இடுப்பளவு தூக்கி ஓட்டம், 30 எண்ணும் வரை. 2 விழுந்தால் உட்கார்ந்து எழுவது 10. 4 விழுந்தால் சுவர் தண்டால் 10. தாயம் விழுந்தால் நொண்டி, வலது காலில் 10, இடது காலில் 10. 5 விழுந்தால் கைகாலை விரித்துச் சேர்க்கும் ஜம்பிங் ஜாக் 15. 6 விழுந்தால் முழங்கையையும் கால்விரலையும் தரையில் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க் 20 நொடி. 12 விழுந்தால் வீட்டில் இருக்கிற ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, இருவரும் சேர்ந்து பிடித்த பயிற்சி எதையாவது 12 முறை.

பன்னிரண்டுக்கு அந்த விதியை வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பிள்ளை அதற்காகவே இன்னும் நாலு முறை உருட்டும். அடுப்படியில் இருக்கிற அம்மாவும் கட்டை விழும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி இருப்பார்.

தாய விளையாட்டில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அந்த விதியை இங்கே எடுத்துவிடுங்கள். தாயம் விழுவது எட்டுக்கு ஒன்று. அதற்காகக் காத்திருந்தால் பிள்ளை உட்கார்ந்தே இருக்கும். ஆனால் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி ஒருமுறை போடலாம் என்ற விதி இருக்கட்டும், அதில் ஒரு குஷி இருக்கிறது.

கட்டையைத் தாம்பாளத்தில் போடச் சொல்லுங்கள். தரையில் போட்டால் கட்டிலுக்கு அடியில் ஓடும், தேடுவதிலேயே நேரம் போய்விடும். தாம்பாளத்தைப் பயிற்சி செய்யும் இடத்திலிருந்து ஐந்து தரைக்கல் தள்ளி, அதாவது 3 மீட்டர் தூரத்தில் வைத்தால் ஒவ்வோர் உருட்டலுக்கும் ஓடிப்போய் ஓடி வர வேண்டும். ஒரு உருட்டலும் பயிற்சியும் சேர்த்து ஏறக்குறைய 40 நொடி. பத்து உருட்டல் என்றால் ஆறேழு நிமிடம். நடுவில் தண்ணீருக்கு இரண்டு நிமிடம் விட்டு இன்னொரு சுற்று. தாயக்கட்டை இல்லாத வீட்டில் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை ஆறு எடுத்துக் குலுக்கிப் போட்டு வெள்ளை முகங்களை எண்ணலாம். அதிலும் மூன்றுதான் அதிகம் விழும்.

எங்கே தப்பு வரும்? உட்கார்ந்து எழும்போது குதிகால் தரையை விட்டுத் தூக்கும், முட்டி இரண்டும் உள்ளே சாயும். பின்னால் ஒரு நாற்காலியைச் சுவரில் அணைத்துப் போட்டு, அதில் உட்காரப் போகிற மாதிரி பின்னுக்கு இறங்கி, விளிம்பு பட்டதும் எழச் சொன்னால் இரண்டும் சரியாகும். சுவர் தண்டாலில் கையை நீட்டிச் சுவரைத் தொட்டுவிட்டு, ஓர் அடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். இடுப்பு தொங்காமல் தலை முதல் குதிகால் வரை ஒரே கோடு. பிளாங்கில் 20 நொடியைத் தாண்ட வேண்டும் என்ற வெறியில் இடுப்பு கீழே இறங்கிவிடும். இறங்கிய நொடியிலேயே நிறுத்த வேண்டும், அதுவே அன்றைய கணக்கு. எல்லாவற்றிலும் பொதுவாக வருவது மூச்சை அடக்குவது. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சத்தமாக எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

ஒரு வேண்டுகோள். எந்தப் பயிற்சியையும் தோற்றவருக்குத் தண்டனையாக வைக்காதீர்கள். தோப்புக்கரணம் என்ற அருமையான பயிற்சியை வகுப்பறையில் தண்டனையாக்கி, பிள்ளைகள் அதைக் கண்டாலே கூசும்படி செய்துவிட்டோம். அந்தத் தவறை வீட்டுக்குள்ளும் கொண்டுபோக வேண்டாம்.

பாண்டி

சிமென்ட் தரை என்றால் சாக்பீஸால் கட்டம் போடலாம். டைல்ஸில் சாக்பீஸ் தூள் உதிர்ந்து வழுக்கும். கோலப்பொடி அதைவிட வழுக்கும். அங்கே காகித டேப்பை ஒட்டிக் கோடு போடுவது நல்லது, உரித்தால் கறையும் நிற்காது. கட்டம் 35 முதல் 40 சென்டிமீட்டர் போதும். 2 அடித் தரைக்கல்லையே கட்டமாக எடுத்துக்கொண்டால் ஆறாம் வகுப்புக்கு மேல் சரி, ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒற்றைக்காலில் அது தூரம். அந்த வயதுக்காரர்கள் இரண்டு காலும் சேர்த்தே தாண்டட்டும்.

ஓட்டாஞ்சில்லு வீட்டுக்குள் வேண்டாம், டைல்ஸ் முனை பெயர்ந்துவிடும், வழுக்கிக்கொண்டும் ஓடும். பழைய சாக்ஸின் நுனியில் ஒரு கைப்பிடி அரிசி போட்டு முடிச்சுப் போட்டால் அருமையான சில்லு. விழுந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

விதியில் ஒரே மாற்றம்: கோட்டை மிதித்தால் அவுட் இல்லை, அந்தச் சுற்று கணக்கில் சேராது, அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படைச் சுற்று வலது காலில், இரட்டைப்படைச் சுற்று இடது காலில். இதைச் சொல்லாவிட்டால் பிள்ளை பழகின காலிலேயே முழு ஆட்டத்தையும் முடித்துவிடும்.

இறங்கும் விதத்துக்கு ஒரே ஒரு கட்டளை போதும்: ‘சத்தம் வராமல் இறங்கு.’ சத்தம் வராமல் இறங்க வேண்டுமென்றால் முன்பாதம் முதலில் பட்டு, முட்டி மடங்கி, குதிகால் கடைசியாகத் தரையைத் தொட வேண்டும். முட்டியை மடக்கு, பாதத்தை இப்படி வை என்று தனித்தனியாகச் சொன்னால் குழம்புகிற பிள்ளை, சத்தம் என்று சொன்னால் தானே சரி செய்துகொள்ளும். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரரும் கதவைத் தட்ட மாட்டார்.

காகிதப் பந்து

செய்தித்தாளின் முழு விரிப்பு ஒன்றைக் கசக்கி உருட்டி, அதன் மேல் இன்னொரு விரிப்பைச் சுற்றி இறுக்கி, நான்கு ரப்பர் பேண்டு போட வேண்டும். டென்னிஸ் பந்தைவிட இலேசான பந்து தயார். டிவி மேல் பட்டாலும் ஒன்றும் ஆகாது. இலக்கு ஒரு வாளி. வாளிக்குள் பழைய துண்டு ஒன்றைப் போடுங்கள். போடாவிட்டால் உள்ளே விழுந்த பந்தும் எம்பி வெளியே வந்து சண்டையாகும்.

தூரம் 1, 2 வகுப்புக்கு ஒன்றரை மீட்டர், 3 முதல் 5-க்கு 2 மீட்டர், அதற்கு மேல் 3 மீட்டர். கையைக் கீழிருந்து வீசி 10, மேலிருந்து 10, பழகாத கையால் 10. முப்பதில் எத்தனை விழுந்தது என்று எழுதி வைக்க வேண்டும்.

இந்த ஆட்டத்துக்குப் பந்து ஒன்றுதான் இருக்க வேண்டும். ஐந்து பந்து செய்து வைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே எறிந்தால் கைக்கு மட்டும் வேலை. ஒரே பந்து என்றால் ஒவ்வொரு முறையும் ஓடி எடுத்து ஓடி வர வேண்டும். முப்பது எறிதலுக்கு முப்பது ஓட்டம், நெஞ்சு படபடக்கும். பெற்றோர் அன்போடு கூடுதல் பந்து செய்து கொடுப்பார்கள், அதை மறுநாளைக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எறிவதில் பெரும்பாலும் வரும் பிழை, வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னால் வைப்பது. அப்படி நின்றால் உடம்பு திரும்பாது, தோளை மட்டும் வைத்து எறிய வேண்டியிருக்கும், பந்து பாதியிலேயே விழும். எறிகிற கைக்கு எதிர்க்கால் முன்னால் இருக்க வேண்டும். அந்தக் கால் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் சொல்லத் தேவையே இல்லை. மேலிருந்து எறியும் பயிற்சிக்கு வாளியைவிடக் கொடியில் தொங்கும் துண்டு நல்ல இலக்கு. பட்டதும் துண்டு ஆடும், பட்டதா இல்லையா என்ற வழக்கு வராது.

சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும்

1 முதல் 3 வகுப்புக்கு நிறம் தேடும் ஆட்டம் ஒன்றே ஒரு மாதம் ஓடும். ஆசிரியர் ஒரு நிறத் துணியைக் காட்ட, பிள்ளை அந்த நிறத்தில் மூன்று பொருளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். எடுத்து வரச் சொல்லக் கூடாது. எடுத்து வரச் சொன்னால் இருபது நிமிடத்தில் கூடம் சந்தைக்கடையாகிவிடும், கண்ணாடி டம்ளரும் ஒன்று உடையும். அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் போகக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு முறை நண்டு மாதிரி, ஒரு முறை முயல் மாதிரி என்று போகிற விதத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

பலூனைத் தரையில் விழாமல் தட்டும் ஆட்டத்துக்கு விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். நன்றாக ஊதிய பலூன் மெதுவாக இறங்கும், சின்னவர்களுக்கு அது. பாதி ஊதியது விரைவாக விழும், பெரியவர்களுக்கு அது. வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், சின்னப் பிள்ளை வாயில் போட்டால் மூச்சை அடைக்கும்.

9-ஆம் வகுப்புக்கு மேல் இந்த விளையாட்டுகளில் சிலருக்குக் கூச்சம் வந்துவிடும். அவர்களுக்குக் கடிகாரத்தோடு போட்டி பிடிக்கும். 20 நொடி பயிற்சி, 10 நொடி ஓய்வு, இப்படி எட்டு முறை, மொத்தம் 4 நிமிடம். ஜப்பானின் இசுமி தபாட்டா குழுவினரின் 1996 ஆய்விலிருந்து பரவிய முறை இது. அந்த ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் சைக்கிள் கருவியில் முழு வேகத்தில் மிதித்தார்கள். வீட்டில் நாம் கடன் வாங்குவது அதன் நேர அமைப்பை மட்டும்தான். ‘தபாட்டா’ என்ற பெயருக்காகப் பிள்ளைகளை விரட்ட வேண்டாம். எட்டாவது முறையிலும் முதல் முறையின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வர முடிகிற வேகமே சரியான வேகம். முதல் முறை 22, எட்டாவது முறை 9 என்றால் தொடக்கத்தில் வேகம் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

ஸ்கிப்பிங் கயிறு மாடிக்கு. கயிற்றின் நடுவில் ஒரு காலால் மிதித்து இரண்டு கைப்பிடியையும் மேலே இழுத்தால் அக்குள் வரை வர வேண்டும், அதுதான் அளவு. கூடத்துக்குள் என்றால் இரண்டு அரைமீட்டர்க் கயிற்றுத் துண்டின் முனையில் துணி முடிச்சுக் கட்டி, கைக்கு ஒன்றாகச் சுழற்றிக் குதிக்கலாம். காலில் கயிறு தட்டுகிற பிரச்சினையே இல்லாததால் புதிதாகக் கற்கும் பிள்ளைக்குத் தாளம் சீக்கிரம் பிடிபடும். தோளைச் சுற்றாமல் மணிக்கட்டைச் சுற்ற வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பினால் போதும்.

பயிற்சி அளவு சரிதானா என்று தெரிய, பேசிப் பார்ப்பதே நல்ல வழி. ஆடிக்கொண்டே ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். பேசவே முடியாவிட்டால் நிறுத்தி நடக்க வேண்டும்.

திரைக்கு இந்தப் பக்கம்

விசில் ஊதாதீர்கள். கூட்டச் செயலிகளில் இருக்கும் இரைச்சல் வடிகட்டி, விசிலையும் கைதட்டலையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடக்கிவிடும். நீங்கள் ஊதிக்கொண்டே இருப்பீர்கள், அங்கே ஒன்றும் கேட்காது. ஒன்று அந்த வடிகட்டியை அமைப்பில் போய் நிறுத்துங்கள், அல்லது பச்சைத் துண்டு காட்டினால் ஆரம்பம், சிவப்புத் துண்டு காட்டினால் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடது வலது இன்னொரு குழப்பம். உங்கள் திரையில் உங்கள் உருவம் கண்ணாடி போலத் தெரியும், பிள்ளைகளின் திரையில் அப்படித் தெரியாது. எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பது போலத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். நீங்கள் வலது கையைத் தூக்கினால் அது அவர்களுக்கு இடது பக்கம். பிள்ளைகளின் வலது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு போடச் சொல்லிவிட்டு, ‘ரப்பர் பேண்டு கை’ என்று சொன்னால் தீர்ந்தது. புதுப் பயிற்சி என்றால் முதுகைக் காட்டி நின்று செய்து காட்டுவதும் நல்லது.

போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குதிக்கிற அதிர்வில் அது சரிந்துவிடும், சொம்பில் தண்ணீர் இருந்தால் போன் கதையே முடிந்தது. இரண்டு கனமான பாடப்புத்தகங்களுக்கு நடுவே செருகி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுவரோரம் வைக்கச் சொல்லுங்கள்.

கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஒற்றை அறை வீட்டில் பின்னால் யாரோ படுத்திருப்பார்கள், யாரோ உடை மாற்றப் போவார்கள். வளர்ந்த பெண்பிள்ளைகள் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் திரையில் குதிக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. பயிற்சி செய்யும் வீடியோவை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்வதும் கூடாது. ஒருமுறை வெளியே போன படம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதவிடாய் நாளில் செய்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும், காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ள பிள்ளைகள் யார் என்று பெற்றோரிடம் தனியாகப் பேசித் தெரிந்துகொண்டு, மருத்துவர் சொன்ன வரம்புக்குள் ஆட்டத்தை அமைத்துக் கொடுங்கள். நடக்க முடியாத பிள்ளைக்குத் தாயக்கட்டை அட்டவணை முழுவதையும் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகளாக மாற்றி எழுதலாம்: நிழல் குத்துச்சண்டை 30, தலைக்கு மேல் தண்ணீர் பாட்டில் தூக்குதல் 10, இப்படி.

அப்படியானால் மதிப்பெண்ணுக்கு என்ன செய்வது? மாதம் ஒருமுறை இரண்டே அளவு. மத்திய அரசின் ஃபிட் இந்தியா பள்ளி உடற்தகுதி மதிப்பீட்டில் 5 முதல் 8 வயதுக்கு இருக்கிற இரண்டு சோதனைகளைக் கூடத்திலேயே செய்யலாம், மற்ற வயதினருக்கும் பொருந்தும். ஒன்று ஒற்றைக்கால் நிலை: ஒரு காலை பின்னால் மடக்கி அதே பக்கக் கையால் பிடித்துக்கொண்டு மொத்தம் 60 நொடி நிற்க வேண்டும். கால் தரையில் பட்டால் கடிகாரத்தை நிறுத்தி, மறுபடி நின்றதும் ஓடவிட்டு, எத்தனை முறை விழுந்தது என்று எண்ண வேண்டும். முறையான சோதனையில் 3 சென்டிமீட்டர் அகலக் கட்டை மேல் நிற்பார்கள். வீட்டில் தரையிலேயே நிற்பதால் இந்த எண்ணை அந்தச் சோதனையின் அளவோடு ஒப்பிடக் கூடாது, போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடலாம்.

மற்றது தட்டு தொடுதல். இடுப்பளவு மேசையில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு தட்டை, மையத்துக்கு மையம் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, பழகாத கையை நடுவில் ஊன்றிக்கொண்டு, பழகிய கையால் இரண்டு தட்டையும் மாறி மாறித் தொட வேண்டும். 25 சுற்று, 50 தொடுதல், எத்தனை நொடி? எவர்சில்வர் டிபன் தட்டு என்றால் சத்தத்தை வைத்தே எண்ணிவிடலாம். அடியில் ஈரத்துணி போட்டால் தட்டு நகராது.

தினக் கணக்கை ஒரு பழைய நோட்டில் எழுதினால் போதும். தேதி, ஆட்டம், எண்ணிக்கை, ஆடி முடித்ததும் மூச்சு எப்படி இருந்தது என்று ஒரு சொல். எல்லா நாளும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் நோட்டைவிட, நடுநடுவே இறங்கியும் இருக்கிற நோட்டை நம்புங்கள். எண்ணிக்கை கூடியதற்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால் பிள்ளைகள் நோட்டில் மட்டும் ஓடுவார்கள். எழுதிய நாட்களுக்கு மதிப்பெண் போடுங்கள்.

ஒரே போனில் அக்காவுக்கும் தம்பிக்கும் வகுப்பு நடக்கும் வீடுகளில் பி.டி. பீரியடுக்குப் போன் கிடைக்காது. அந்தப் பிள்ளைகளுக்கு எஸ்எம்எஸ் போதும். தமிழில் அனுப்பினால் ஒரு செய்தியில் 70 எழுத்துக்குறிதான் கொள்ளும், புள்ளியும் கொம்பும் துணைக்காலும்கூட அதில் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் ஒரு நாளைக்கு ஓர் எண்ணை மட்டும் மாற்றி அனுப்பலாம். முதல் நாள் செய்தி இப்படி இருக்கட்டும்: ‘தாயம் 10 முறை போடு. 3 வந்தால் 30 ஓட்டம். எத்தனை 12 வந்தது?’